வார்டு முழுக்க விரதம்

குணபூசணி வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டில் அடிக்கடி "கோபால், கோபால்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு அவருடைய அப்பா வல்லிபுரம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மலாய் நாட்டு ரயில்வேயில் கிராணி என்கிற குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து மனிதர் அவர். பெண் அரசாங்க வேலைக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் யார் இந்தக் கோபால் என்று கேட்டுச் சொல்லும்படி மனைவியைத் தூண்டிக்கொண்டிருந்தார். அது கணினிக்கு நிரல் எழுதும் மொழியின் பெயர் என்று குணபூசணி விளக்கினார். அப்பா சமாதானம் ஆனார். முழுக்க நம்பினாரா என்பது தெரியாது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த குணபூசணி, அந்த மொழியிலேயே இருபது வருடத்துக்கு மேல் நிரல் எழுதினார். ஓர் அரசாங்க இலாகாவில் ஓய்வூதியக்காரர்களின் பதிவுகளைக் கவனிக்கும் வேலை. சத்தமாகப் பேச மாட்டார். தான் எழுதியதை மறுநாள் காலையில் வேறு யாரோ எழுதியதுபோல உட்கார்ந்து முதலிலிருந்து படிப்பார். "குணா பார்த்தாச்சா?" என்று கேட்காமல் அந்தப் பிரிவிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை.

தொண்ணூறுகளில் இலாகா தன் கணினி வேலையை வெளியாரிடம் கொடுத்தது. குணபூசணி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பொதுப்பணித் துறையில் வரைபடக்காரராக இருந்த கணவர் தியாகராசா, மனைவி சமையலறை அலமாரியை மூன்றாவது தடவை காலிபண்ணித் துடைப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இஞ்சை பாரும், உமக்கு வீட்டிலை இருக்க ஏலாது. வேலைக்குப் போம்."

அப்படித்தான் ஜெயராஜிடம் போய்ச் சேர்ந்தார். ஜெயராஜ் ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்த இளைஞன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் சின்னதாக மென்பொருள் கம்பெனி நடத்தினான்.

"அக்கா, இங்க எல்லாமே ஜாவாதான். புது லேங்குவேஜ். உங்க எக்ஸ்பீரியன்ஸுக்கு சீக்கிரம் பிடிச்சிக்குவீங்க லா."

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு புது மொழி. தடித்த ஒரு புத்தகத்தை வாங்கி, அட்டை போட்டு, மதிய உணவு நேரத்தில் படித்தார். கடினமாக இல்லை. பல இடங்கள் பழகியவை போலவே இருந்தன. பிற்பாடு தொல்லை கொடுத்ததும் அப்படிப் பழகியதுபோல் இருந்த ஓர் இடம்தான்.

கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனை, நோயாளிகளின் சாப்பாட்டுக்கு ஒரு மென்பொருள் கேட்டது. சாதாரண உணவு, நீரிழிவுக்காரர் உணவு, உப்புக் குறைந்த உணவு என்று அங்கே சில பொதுத் திட்டங்கள் இருந்தன. புதிதாக நோயாளி வந்தால், அவருக்குரிய பொதுத் திட்டத்தை ஒரு பிரதி எடுத்து, அவர் பெயரையும் கட்டில் எண்ணையும் அதில் போட வேண்டும். வேளாவேளைக்குச் சமையலறையில் சீட்டு அச்சாகி வரும். சீட்டைப் பார்த்துத் தட்டை நிரப்பி மேலே அனுப்புவார்கள். வேலை குணபூசணியிடம் வந்தது.

பழைய மொழியில் ஒரு பதிவைப் பிரதி எடுக்க ஒரே வரி போதும். அந்த வரிக்குப் பிறகு இரண்டும் இரண்டு. ஒன்றில் முகவரியை மாற்றினால் மற்றதில் பழைய முகவரி அப்படியே இருக்கும். இருபது வருடம் அப்படி எழுதிய கைக்குப் பிரதி என்றால் அவ்வளவுதான். புது மொழியிலும் பிரதி எடுக்க ஒரு கட்டளை இருந்தது. அதைப் போட்டார். பிரதியில் பெயரை மாற்றிப் பார்த்தார், கட்டில் எண்ணை மாற்றிப் பார்த்தார். பொதுத் திட்டம் மாறவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல ஒரு தடவை படித்தார். தவறு எதுவும் கண்ணில் படவில்லை.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தது. யாருக்காவது தனியாக ஏதும் மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் வார்டிலிருந்து சமையலறைக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றெட்டு ஜனவரியில்தான், ஒருவருடைய சாப்பாட்டைத் திரையிலேயே மாற்றும் வசதியைக் குணபூசணி எழுதிச் சேர்த்தார். உணவியல் அதிகாரி மிஸ் லிம் அதற்காகப் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

தைப்பூசம் நெருங்கியது. மூன்றாம் மாடியில் வேலாயுதம் என்று ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு படுத்திருந்தார். லோரி ஓட்டி ஓய்ந்தவர், நீரிழிவுக்காரர். ஒவ்வொரு வருடமும் பத்துமலைக்குக் காவடி எடுப்பவர். இந்த வருடம் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகாவிட்டால் போகட்டும், விரதத்தையாவது விட மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். மீன், கோழி எதுவும் வேண்டாம் என்றார். மிஸ் லிம் அவருடைய திட்டத்தைத் திறந்து, மதியத்துக்கும் இரவுக்கும் மீனை எடுத்துவிட்டுத் தவ்பூ என்னும் சோயாக் கட்டியும் பருப்பும் போட்டார்.

அன்று மதியம் பல கட்டில்களிலிருந்து மணி அடித்தது. வேலாயுதத்துக்கு எதிர்க் கட்டிலில் இருந்த மிஸ்டர் தான் என்ற சீனர், தட்டின் மூடியைத் திறந்து பார்த்து, "மிஸ்ஸி, என் மீன் எங்கே?" என்று நர்ஸைக் கேட்டார். அடுத்த அறையிலிருந்த மலாய்க்கார ஆசிரியை ஒருவர், தனக்குப் புதிதாக ஏதும் நோய் கண்டுபிடித்திருக்கிறார்களா என்று பயந்து விசாரித்தார். இரவும் அதே தவ்பூ, அதே பருப்பு.

சமையலறைக்குப் பொறுப்பாக இருந்தவர் இராஜம்மா. காப்பாரிலிருந்து தினமும் பேருந்தில் வருபவர். அவரும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, கையில் மஞ்சள் கயிறு கட்டி விரதம் இருந்தார். இது எல்லாருக்கும் தெரியும். வார்டு முழுக்க சைவமாகிவிட்டது என்ற செய்தியும் இராஜம்மாவின் மஞ்சள் கயிறும் ஒன்றாகச் சேர அரை நாள்கூட ஆகவில்லை. மறுநாள் காலை நிர்வாகி சண்முகரத்தினம் சமையலறைக்கு வந்து, சமையல்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, விசாரணை முடியும்வரை இராஜம்மா அடுப்புப் பக்கம் வர வேண்டாம், ஸ்டோரில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மிஸ் லிம், வார்டில் யார் யாருக்கு என்ன கொடுப்பது என்று கையாலேயே எழுதிக் கீழே அனுப்பினார்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஜெயராஜுக்கும் ஒரு போன் போனது. குணபூசணி கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வந்தார்.

சண்முகரத்தினம் அவரை எழுந்து நின்று வரவேற்றார். குடும்பம் எது என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார்.

"நீங்கள் ரயில்வே வல்லிபுரத்தாற்றை மகளெல்லோ? உங்கட அப்பாவை எங்கட ஐயாவுக்கு நல்லாத் தெரியும். இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ. உங்கட வேலையிலை பிழை இருக்காது, எனக்குத் தெரியும். இது கிச்சன் ஆக்கள் செய்த வேலை. அந்தப் பொம்பிளை விரதம் பிடிக்குது. தான் பிடிச்சால் ஊரே பிடிக்கவேணும் எண்டு நினைக்கிற சனம்."

குணபூசணிக்கு அந்த முதல் வாக்கியங்கள் இதமாகத்தான் இருந்தன. அப்பாவின் பெயரை அப்படி மரியாதையாகச் சொல்லி யாரும் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. கடைசி வாக்கியத்தில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். தன் நிரலை யாரும் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை, அதற்குள் அது சரியென்று முடிவாகிவிட்டது. அந்தப் பெண்ணையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் ஒருக்கால் கீழை போய்ப் பாத்திட்டு வாறன்" என்று எழுந்தார்.

ஸ்டோரில் இராஜம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கோணிப்பையிலிருந்து அழுகிய வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"கம்ப்யூட்டர் மேடம்தானே? என்ன கேக்க வந்தீங்கன்னு தெரியும். நான் மாத்தல."

"மாத்தினீங்களான்னு கேக்க வரலைங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"என்ன நடக்குது? சீட்டு வந்துச்சு. தவ்பூன்னு இருந்துச்சு, தவ்பூ வெச்சேன். மீன்னு இருந்திருந்தா மீன் வெச்சிருப்பேன். விரதம் என் வயித்துக்கு மேடம். சீக்காளிங்க வயித்துல நான் எதுக்குக் கை வைக்கப் போறேன்?"

"எல்லா நோயாளிக்குமா தவ்பூ வந்துச்சு?"

இராஜம்மா யோசித்தார். "இல்ல. ரெண்டாவது மாடிக்குக் கோழி போச்சே. மூணாவதுலகூட சில பேருக்குக் கோழிதான்."

முந்தைய நாள் சீட்டுகள் குப்பைக்குப் போகாமல் ஒரு கூடையில் கிடந்தன. குணபூசணி அவற்றைக் கொட்டிப் பிரித்துப் பார்த்தார். தவ்பூ போனது முழுக்க நீரிழிவுக்காரர்களுக்கு. ஒருவர் பாக்கியில்லை. மற்றத் திட்டங்களில் ஒருவருக்கும் எதுவும் மாறவில்லை.

அவர் மிஸ் லிம்மை அழைத்துக்கொண்டு சமையலறைக் கணினி முன்னால் உட்கார்ந்தார். இராஜம்மாவையும் வரச் சொன்னார். அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்றிருக்கிறார்களே என்று இராஜம்மா வாசலிலேயே நின்றார். "இது அடுப்பு இல்லைங்க, வாங்க" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

யாரும் இல்லாத ஒரு கட்டிலில் தம்புசாமி என்று இல்லாத ஒரு நோயாளியைச் சேர்த்தார். நீரிழிவுத் திட்டம் கொடுத்தார். தம்புசாமியின் காலை உணவில் ரொட்டியை எடுத்துவிட்டு இட்லி போட்டார். பிறகு, எந்த மாற்றமும் செய்யாத மிஸ்டர் தானின் சீட்டை அச்சடித்தார்.

"அலாமாக்!" என்று திடுக்கிட்டார் மிஸ் லிம். மிஸ்டர் தானுக்கும் இட்லி.

குணபூசணி தம்புசாமிக்கு மறுபடி ரொட்டியே போட்டார். மிஸ்டர் தானின் சீட்டை மறுபடி அச்சடித்தார். ரொட்டி. தம்புசாமிக்கு எது நடக்கிறதோ அது அதே கணத்தில் மிஸ்டர் தானுக்கும் நடந்தது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று மாறவில்லை. அங்கே இரண்டு இல்லை, ஒன்றுதான் இருந்தது.

அவருக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தது நினைவுக்கு வந்தது. பழகிய விஷயம் என்று வேகமாகப் புரட்டிய பக்கம். அந்தக் கட்டளை திட்டத்தின் மேல்தோலை மட்டும்தான் பிரதி எடுக்கும். பெயர், கட்டில் எண் போன்றவை திட்டத்துக்குள்ளேயே இருந்தன, அதனால் அவை தனித்தனியாகப் பிரிந்தன. சாப்பாட்டுப் பட்டியல் திட்டத்துக்குள் இல்லை. பட்டியல் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு குறிப்புதான் உள்ளே இருந்தது. பிரதி எடுத்தபோது பட்டியல் இரண்டாகவில்லை, அதைக் காட்டும் குறிப்புதான் இரண்டாகியது. நீரிழிவுக்காரர் அத்தனை பேரின் குறிப்பும் கை நீட்டியது ஒரே பட்டியலை. மிஸ் லிம் வேலாயுதத்தின் மீனை எடுத்தபோது எல்லாருடைய மீனும் போனது.

"என்ன மேடம் ஆச்சு?" என்றார் இராஜம்மா.

"பேரும் கட்டிலும்தான் ஆளுக்கு ஒண்ணா இருக்கு. சாப்பாட்டை நான் ஆளுக்கு ஒண்ணா எடுத்து வைக்கலை. ஒரே சட்டியைக் காட்டி, இது உனக்கு, இதுவே உனக்குன்னு எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்."

"அப்ப ஒருத்தர் உப்புப் போட்டா எல்லாருக்கும் உப்பு."

"ஆமாங்க."

இராஜம்மா எழுந்தார். "அதை மேல போய்ச் சொல்லுங்க" என்றார். குரலில் மகிழ்ச்சியும் இல்லை, கோபமும் பெரிதாக இல்லை. ஸ்டோருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மேலே சண்முகரத்தினம் முழுவதும் கேட்டார்.

"சரி, சிஸ்டத்திலை சின்ன அட்ஜஸ்ட்மென்ட் எண்டு சொல்லுவம். பெரிசாக்கத் தேவையில்லை. உங்களுக்கும் நல்லது."

"அப்ப இராஜம்மா?"

"அவ நாளைக்குத் தன்ரை வேலைக்குத் திரும்பலாம்."

"எல்லாருக்கும் முன்னாலைதானே போகச் சொன்னியள்."

அவர் தொலைபேசியை எடுத்து வேறு யாரிடமோ பேசத் தொடங்கினார். குணபூசணி அதற்குமேல் காத்திருக்கவில்லை. திரும்பக் கீழே இறங்கினார். மதியச் சமையலின் கடைசி நேரம். தமிழர், மலாய்க்காரர், இந்தோனேசியர் என்று ஏழெட்டுப் பேர் அங்கே வேலையாக இருந்தார்கள். எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில் சொன்னார்: "இனி சாலா சாயா. புக்கான் சாலா காக் ராஜம்மா." இது என் தவறு, ராஜம்மா அக்காவின் தவறு இல்லை. வாழ்நாளில் ஒரு கூட்டத்தின் முன்னால் பேசியிராத பெண்மணி. கரண்டிச் சத்தத்தில் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. ஒரு சமையல்காரர் "என்ன சொல்லுது அந்த அம்மா?" என்று கேட்க, குணபூசணி இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இராஜம்மா அன்று மதியமே ஸ்டோரை விட்டு அடுப்புக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

ஜெயராஜுக்குச் செய்தி எட்டியபோது அவனுக்கு முகம் வாடிவிட்டது. "ஏன்க்கா அப்படி ஓப்பனா சொன்னீங்க? அப்கிரேடுன்னு சொல்லியிருக்கலாமே லா. வேற ஹாஸ்பிடலுக்கெல்லாம் இதைக் காட்டி வெச்சிருக்கேன்."

"ஜெய், அந்த அம்மா வேலையே போயிருக்கும்."

அவன் கொஞ்சம் யோசித்து, "சரி, எப்ப ஃபிக்ஸ் ஆகும்?" என்று மட்டும் கேட்டான்.

திருத்துவது நினைத்ததைவிடப் பெரிய வேலையாக இருந்தது. முதலில் பட்டியலையும் சேர்த்துப் பிரதி எடுத்தார். இப்போது தம்புசாமிக்கு இட்லி போட்டால் மிஸ்டர் தானுக்கு ரொட்டியே வந்தது. ஆனால் தம்புசாமியின் சோற்று அளவைக் குறைத்தால் மிஸ்டர் தானின் சோறும் குறைந்தது. பட்டியல் இரண்டாகியிருந்தது, பட்டியலுக்குள் இருந்த பண்டங்கள் இன்னும் பொதுவாகவே இருந்தன. எனவே ஒவ்வொரு பண்டத்தையும் பிரதி எடுத்தார். பண்டத்துக்குள் அளவுகள் இருந்தன, அவற்றையும் எடுத்தார். அடிவரை போக வேண்டியிருந்தது.

உள்ளே இருப்பது எதுவானாலும் கேட்காமல் பிரதி எடு என்று ஒரு தடவை மொத்தமாக எழுதிப் பார்த்தார். கணினி உறைந்து நின்றது. திட்டத்துக்குள் நோயாளி இருந்தார், நோயாளிக்குள் திட்டம் இருந்தது. இது அதைப் பிரதி எடுக்க, அது இதைப் பிரதி எடுக்க, முடிவில்லாமல் சுற்றியிருக்கிறது. எதை ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி எழுதிய பிறகு அந்தச் சுற்று நின்றது.

அதற்குப் பிறகு இன்னொன்று தட்டுப்பட்டது. வார்டையும் சேர்த்துப் பிரதி எடுத்திருந்ததால், மூன்றாம் மாடித் தொலைபேசி எண்ணை மாற்றினால் ஒருவர் சீட்டில் மட்டும்தான் மாறியது. வார்டு எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டியது. அதைத் தொடக்கூடாது. ஆக, எது ஒருவருக்கே சொந்தம், எது எல்லாருக்கும் பொது என்பதை மொழி சொல்லாது. எழுதுகிறவர்தான் ஒவ்வொன்றாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் தியாகராசா சாப்பாட்டுக் கூடையோடு மேல்மாடிக்கு வந்தபோது, குணபூசணி அந்தத் தீர்மானத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதோ?"

"நோயாளியின்ரை டாக்டர் பொதுவோ, சொந்தமோ எண்டு யோசிக்கிறன்."

"பொதுதான். எங்களுக்கு எண்டு தனியா ஒரு டொக்டர் கிடைச்சால் நல்லம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் கூடையைத் திறந்தார்.

தைப்பூசத்துக்கு முன்பே திருத்திய நிரல் கிள்ளானுக்குப் போய்விட்டது. அதை ஏற்றிவிட்டுக் குணபூசணி மூன்றாம் மாடிக்குப் போனார். வேலாயுதத்துக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, என்னால ஒரு வார்டே விரதம் இருந்துச்சாமே?"

"உங்களால இல்லைங்க, என்னால."

"அந்தச் சீனக் கிழவன் இன்னும் என்னை முறைக்கிறான்" என்று எதிர்க் கட்டிலைக் காட்டிச் சிரித்தார். மிஸ்டர் தானுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்துகொண்டு, தன் தட்டிலிருந்த மீனைச் சுட்டிக்காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் பொருளாதார நெருக்கடியில் பல கம்பெனிகளைப் போல ஜெயராஜின் கம்பெனியும் மூடியது. குணபூசணி அதிக நாள் வீட்டில் இருக்க வேண்டிவரவில்லை. இரண்டாயிரம் பிறந்தால் பழைய கணினிகள் தேதியைத் தப்பாகப் படிக்கும் என்ற பயம் எங்கும் பரவியிருந்தது. அவருடைய பழைய இலாகாவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டது. அங்கே போய்த் தான் இளம்வயதில் எழுதிய வரிகளைத் தானே திருத்தினார்.

இராஜம்மா மருத்துவமனையில் அதற்குப்பின் ஒரு வருடம்போல இருந்தார். சண்முகரத்தினம் அவரிடம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஒரு பெட்டி பிஸ்கட் அனுப்பினார். இராஜம்மா அதைப் பிரித்துச் சமையலறையில் எல்லாருக்கும் கொடுத்தார், தான் எடுக்கவில்லை. பிறகு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனுக்குப் பொறுப்பாளராகப் போனார். போவதற்கு முன் குணபூசணிக்குப் போன் செய்தார். பெரிய மகளுக்குக் கல்யாணம், காப்பாரில் கோயில் மண்டபத்தில் வைத்திருக்கிறோம், வரணும் என்றார். இப்போது மேடம் என்று கூப்பிடவில்லை, அக்கா என்றார்.

தியாகராசாவும் குணபூசணியும் காரில் போனார்கள். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வழி தவறி, ஒரு மோட்டார் சைக்கிள்காரரிடம் கேட்டு, தாலி கட்டி முடிந்த பிறகுதான் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். இராஜம்மா ஓடி வந்து கையைப் பிடித்து நேராகப் பந்திக்கு அழைத்துப் போனார். அவருடைய கணவர் அய்யாவு, யார் என்று தெரியாமலே சிரித்து வணக்கம் சொன்னார். "அக்கா, இது கல்யாணச் சாப்பாடு, சைவம். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, நண்டு இருக்கு" என்று இராஜம்மா இலைக்குக் குனிந்து மெதுவாகச் சொன்னார். தியாகராசா மனைவியின் முகத்தைப் பார்த்தார். இருவரும் சாயங்காலம்வரை இருந்தார்கள்.